மரக்காணம் உப்பளக் கரையும் பிள்ளைகளின் பல் நலக் கல்வியும்: ஒரு வரலாற்று ஆய்வு

சிறு பிள்ளைகளுக்குப் பல் பராமரிப்பைக் கற்பிக்கும் முயற்சி தமிழ்நாட்டில் ஐந்து கட்டங்களைக் கடந்து வந்திருக்கிறது. தொடக்கத்தில் அது பெரியோர் வகுத்த ஒழுக்க விதியாக இருந்தது. பின்னர் பள்ளிப் பாடமாயிற்று. அதன்பின் அரசு கொடுக்கும் பொருளாகவும், மருத்துவக் குழு வந்து செய்யும் சோதனையாகவும் வளர்ந்தது. நாள்தோறும் பிள்ளையின் கையால் செய்யவைக்கும் கூட்டுப் பழக்கமாக அதை மாற்றுவது ஐந்தாம் கட்டம். அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையைக் களமாகக் கொண்டு இந்த வளர்ச்சியை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது. விதி, பாடம், பொருள், சோதனை ஆகிய நான்கும் தேவையானவை. ஆனால் ஒரு குடும்பத்தின் வேலை நேரத்தோடு பொருந்தி வராத கல்வி பிள்ளையின் பல்லைச் சென்று சேர்வதில்லை என்பதே இதன் முடிபு.

1. களம்: உப்பளமும் அதன் நேரக் கணக்கும்

சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் அமைந்துள்ளது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. ஊரின் தென்புறம் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு விரிந்து கிடக்கிறது. அது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உப்புத் தொழில் இங்கே மிகப் பழையது. மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கிய இடமாக இன்றும் இப்பகுதி எண்ணப்படுகிறது. கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம் போன்ற கரையோர ஊர்களில் மீன்பிடியும் உப்பும் வேளாண்மையும் அருகருகே நடக்கின்றன.

உப்பளத்தின் நாட்காட்டியும் கடிகாரமும் தனியானவை. தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுபோகும். பாத்தியில் தேக்கிய உவர்நீர் வெயிலில் சுண்டி உப்பாகப் பூக்கும். அதைப் பலகையால் இழுத்து வரப்பில் குவித்து, கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுவார்கள். இந்த வேலையில் பெண்களின் பங்கு பெரிது. வெயில் ஏறிவிட்டால் அளத்தில் நிற்க முடியாது என்பதால் விடியலுக்கு முன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளை எழுந்து பல் துலக்கும் வேளையில் தாய் வீட்டில் இருப்பதில்லை. பாட்டியோ மூத்த பிள்ளையோதான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு. பல் நலக் கல்வியின் வரலாற்றை இந்தக் கரையிலிருந்து பார்க்கும்போது இந்த ஒரு செய்தியை முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் வந்த ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் காலையில் தாய் பிள்ளையின் பக்கத்தில் நிற்பாள் என்று எண்ணியே வகுக்கப்பட்டன.

2. ஒழுக்க விதி: குச்சியும் கரியும் உப்பும்

பல் துலக்குவதை அன்றாடக் கடமையாகச் சொல்லும் மரபு தமிழில் தொன்மையானது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, வைகறையில் எழுந்தவர் செய்ய வேண்டியவற்றுள் குச்சியால் பல் துலக்குவதையும் சேர்க்கிறது. அதை இயற்றிய பெருவாயின் முள்ளியார் பல் துலக்குதலை நோய்த் தடுப்பாகக் கூறவில்லை. தெய்வத்தை வணங்குவதற்கு முன் உடலைத் தூய்மை செய்யும் ஒழுக்கமாகவே கூறுகிறார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லை உறுதியாக்கும் என்ற பழமொழி வீட்டுக்கு வீடு வழங்கியது. கடுக்காய், கிராம்பு, இந்துப்பு, கருவேலம்பட்டை ஆகியவை சித்த மருத்துவப் பற்பொடிகளில் சேர்ந்தன.

சாமானியர் வீடுகளில் வேப்பங்குச்சியோடு உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கற்பொடி ஆகியவையும் புழங்கின. கல்லுப்புக்குப் பஞ்சமில்லாத அளக்கரையில் உப்பைக் கரியோடு நுணுக்கித் தேய்ப்பதற்குத் தடையேதும் இல்லை. இங்கே பிள்ளைக்குப் பாடம் என்று தனியாக ஒன்று கிடையாது. பெரியவர் துலக்குவதைப் பார்த்துப் பிள்ளையும் துலக்கும். பார்த்துச் செய்தல் என்ற இந்த முறை கல்வி நோக்கில் மிகவும் வலுவானது. பிற்காலத்துப் பாடநூல்கள் இழந்ததும் இதைத்தான்.

அதே நேரத்தில் அதன் குறைகளையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலில் கரியைத் தொட்டுத் தேய்க்கும் பிள்ளையின் விரல் முன்பற்களின் வெளிப்புறத்தில்தான் ஓடும். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களுக்கும், பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளுக்கும் அது போகாது. சிறு பிள்ளைகளின் சொத்தை பெரும்பாலும் தொடங்குவது அந்த இரண்டு இடங்களில்தான். செங்கற்பொடியும் பொடிக்காத உப்புக்கல்லும் எனாமலைத் தேய்த்துவிடும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வீங்கிய ஈறு சற்றுத் தணியும். ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஆற்றல் சாதாரண உப்புக்கு இல்லை.

பாற்பல் குறித்த மனப்பாங்கு இன்னும் ஆழமான தடையாக இருந்தது. விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் நன்றாக முளைக்கும் என்பது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். பல் மாறுவதைப் பிள்ளை அச்சமின்றி ஏற்றுக்கொள்ள அது உதவியது. ஆனால் விழுந்து முளைக்கிற பல்தானே என்று பாற்பல் சொத்தையை விட்டுவிடும் போக்கும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. பாற்பல் வலியால் பிள்ளை சாப்பிடாமல் போவதும், தூக்கம் கெடுவதும், உரிய காலத்துக்கு முன் பல்லை இழந்தால் பின்னால் வரும் பல் இடம் மாறி முளைப்பதும் நெடுங்காலம் கவனத்துக்கே வரவில்லை.

3. காரணம் தெளிந்தது: புழு, நுண்ணுயிர், சர்க்கரை

பல்லுக்குள் புழு புகுந்து அரிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியா முதல் தமிழகம் வரை இருந்தது. தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அதன் புகையை வாயில் பிடித்துப் ‘பூச்சி’ எடுக்கும் வைத்தியம் இதன் மேல் எழுந்தது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபொஷார் 1728இல் வெளியிட்ட நூலில் புழுக் கருத்தை மறுத்தார். 1890இல் வில்லோபி மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரைப் பிரித்தறிந்தார். இனிப்பு உண்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறி, மெல்ல மெல்லத் தணிகிறது என்பதை 1940களில் ஸ்டீபன் அளந்து காட்டினார். எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை இனிப்பு என்பதும் முக்கியம் என்ற பாடம் இதிலிருந்து பிறந்தது. 1954இல் வெளிவந்த சுவீடன் நாட்டு விபெஹோம் ஆய்வு, பல்லில் ஒட்டும் இனிப்பை உணவு வேளைகளுக்கு இடையே தின்பதுதான் மிகப் பெரிய கேடு என்பதை உறுதிசெய்தது.

அறிவியல் தெளிந்த அதே காலத்தில் தமிழகத்தின் உணவும் மாறிக்கொண்டிருந்தது. மரக்காணம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில்தான், நெல்லிக்குப்பத்தில், 1842இல் சர்க்கரை ஆலை எழுந்தது. 1932இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி கிடைத்த பிறகு வெள்ளைச் சர்க்கரை மலிந்தது. 1930களில் தேயிலை நிறுவனங்களின் பிரசாரம் தென்னிந்திய ஊர்களுக்குள் டீயைக் கொண்டுவந்தது. நீராகாரத்தோடும் பழைய சோற்றோடும் வேலைக்குப் போன வீடுகளில் டீயும் பொறையும் பிஸ்கட்டும் நுழைந்தன. பள்ளி வாசல் பெட்டிக்கடையின் கமர்கட்டும் சவ்வு மிட்டாயும் பல்லில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் கரைபவை. குச்சியும் கரியும் ஓரளவு போதுமானவையாக இருந்தது சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில். உணவு மாறிய பிறகு பழைய பழக்கம் மட்டும் பல்லைக் காக்கவில்லை.

4. பாடம்: பள்ளிக்குள் வந்த பல்

பிள்ளைகளின் பல்லைப் பள்ளியின் பொறுப்பாக ஏற்கும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவெடுத்தது. 1902இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் யெஸ்ஸன் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1913இல் பெண்களுக்குப் பல் சுகாதாரப் பயிற்சி அளித்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார். பற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிரஷை வட்டமாகச் சுழற்றித் துலக்கும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது; கை இன்னும் பழகாத சிறு பிள்ளைகளுக்கு இன்றும் அந்த முறைதான் கற்பிக்கப்படுகிறது. நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது. அந்த மாதிரி பிறகு தமிழர் வாழும் நாடுகளுக்கும் வந்தது. மலாயாவின் பினாங்கில் 1949இல் பல் செவிலியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. இலங்கையில் 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பயிற்சிப் பள்ளி அமைந்தது. பள்ளியிலேயே சிகிச்சையும் கற்பித்தலும் ஒருவர் கையில் இணைந்திருப்பது இந்த மாதிரியின் சிறப்பு.

இந்தியா வேறு பாதையில் சென்றது. 1920இல் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கை பள்ளி நலத்தோடு பல் மருத்துவத்தையும் ஆராய்ந்தது. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1949இல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கி, பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது. சிதம்பரத்தில் 1980இலும் புதுச்சேரியில் 1990இலும் பல் மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. குழந்தைப் பல் மருத்துவர்களுக்கான அகில இந்தியச் சங்கம் 1979இல் உருவானது. மருத்துவர்களை உருவாக்குவதில் நாடு முன்னேறியது. நியூசிலாந்து போலப் பள்ளிக்கென்று தனிப் பணியாளர்களை அது உருவாக்கவில்லை. ரேணுகா ரே தலைமையிலான பள்ளி நலக் குழு 1961இல் அறிக்கை அளித்த பிறகும் பள்ளியில் பல் என்பது பெரும்பாலும் பாடநூலின் ஒரு பக்கமாகவே இருந்தது.

அந்தப் பக்கத்தின் இயல்பைக் கவனிக்க வேண்டும். காலையிலும் இரவிலும் பல் துலக்க வேண்டும் என்று வாக்கியம் இருக்கும். துலக்கும் பிள்ளையின் படம் இருக்கும். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்யலாம். ஆனால் வகுப்பறையில் பிரஷும் இல்லை, கொப்பளிக்க இடமும் இல்லை. சொல் சென்று சேர்ந்தது, செயல் சேரவில்லை.

5. பொருள்: சத்துணவும் இலவசப் பற்பொடியும்

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை முதலில் அடைக்க முயன்றது சத்துணவு மரபுதான். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கிய பள்ளி உணவும், காமராசர் 1956இல் மாநிலம் தழுவி விரித்த மதிய உணவும் பள்ளியைப் பாடம் படிக்கும் இடம் என்ற நிலையிலிருந்து உடல் வளர்க்கும் இடமாக உயர்த்தின. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அவரது ஆட்சியில் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை, காலணி ஆகியவற்றோடு இலவசப் பற்பொடியும் வழங்கப்பட்டது. சோறு போட்ட அரசு, அந்தச் சோற்றை மெல்லும் பல்லையும் தன் பொறுப்பாக எண்ணியது. பல் நலக் கல்வியின் வரலாற்றில் இது மதித்துப் போற்ற வேண்டிய படி. வீட்டில் கரிதான் உண்டு என்ற ஏழைப் பிள்ளையின் கைக்கு, பல் துலக்குவதற்கென்றே ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் தமிழர் வீடுகளில் கோபால் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி போன்றவை நன்கு வேரூன்றியிருந்தன. பற்பசை நகரத்துப் பொருளாகவே பார்க்கப்பட்டது. பல்பொடியை விரலால்தான் தேய்ப்பார்கள் என்பதால் கரியின் காலத்துக் குறை தொடர்ந்தது. செந்நிறப் பொடிகளில் சேரும் காவி பல்லைத் தேய்க்கும் தன்மையுடையது. வேறு சில பொடிகளில் புகையிலை கலந்திருந்தது. பல் துலக்கும் பழக்கத்தின் வழியாகவே பிள்ளைகள் புகையிலைக்கு அடிமையாகும் அபாயத்தை உணர்ந்து, 1992இல் மத்திய அரசு புகையிலை சேர்ந்த பற்பசைகளையும் பற்பொடிகளையும் தடைசெய்தது. பற்பசை நிறுவனமான கோல்கேட் 1976 முதல் பல் மருத்துவர்களோடு சேர்ந்து பள்ளிகளில் விளக்க வகுப்பு நடத்தி, பிரஷையும் பற்பசையையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறது. பொருள் கொடுப்பதன் எல்லை இந்த இரண்டு முயற்சிகளிலும் ஒன்றே. பொட்டலம் தீர்ந்த மறுநாள் என்ன செய்வது, பிரஷைப் பிடித்துத் துலக்கப் பழக்குபவர் யார் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இல்லை.

6. சோதனை: கணக்கெடுப்பும் நடமாடும் குழுக்களும்

தேசிய வாய் நலக் கொள்கையின் வரைவு 1985இல் தயாராகி, 1995இல் கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. 2002–03இல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு நிலைமையை எண்களில் காட்டியது. 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும், 12 வயதினரில் 53.8 விழுக்காட்டினருக்கும், 15 வயதினரில் 63.1 விழுக்காட்டினருக்கும் சொத்தை இருந்தது. முதல் எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் முன்பே பாதிப் பேருக்கு நோய் வந்துவிட்டது. ஆகவே பள்ளியில் தொடங்கும் கல்வி காலம் கடந்த கல்வி. அது அங்கன்வாடியிலேயே, அதற்கும் முன் தாயின் மடியிலேயே தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1990களின் இறுதியில் வாழ்வொளித் திட்டம் என்ற பெயரில் பள்ளி நலச் சோதனை முறைப்படுத்தப்பட்டது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் சொத்தைப் பல்லையும் சேர்த்தது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தேசிய வாய் நலத் திட்டம் 2014–15இல் தொடங்கியது. 2023இல் தமிழ்நாடு அரசு பள்ளி மாணவர்களுக்கான ‘புன்னகை’ பல் பரிசோதனைத் திட்டத்தைச் சென்னையில் தொடங்கிவைத்தது.

வலியே இல்லாத தொடக்கச் சொத்தையைக் காண்பது சோதனையின் பயன். சிகிச்சைக்கு அனுப்பப்படும் பிள்ளை போய்ச் சேர்கிறதா என்பதே அதன் சிக்கல். உப்பு விளையும் பருவத்தில் ஒரு நாள் வேலையை விட்டால் அந்த நாள் கூலி போய்விடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரிக்கோ பிள்ளையை அழைத்துப் போவது, வலி தாங்க முடியாத நாள்வரை தள்ளிப்போடப்படுவதில் வியப்பில்லை. அக்கறையின்மை என்று பெற்றோரைக் குறை சொல்வது நியாயமாகாது. மழைக்காலத்தில், அளம் மூடியிருக்கும் மாதங்களில், சோதனையும் சிகிச்சையும் அமையுமானால் இதே பெற்றோர் வருவதற்கு வழி பிறக்கும்.

7. ஃபுளோரைடு: நெல்லூர்க் கண்டுபிடிப்பும் உப்பும்

பல் நலக் கல்வியின் உள்ளடக்கத்தை மாற்றிய பொருள் ஃபுளோரைடு. அமெரிக்காவின் கொலராடோவில் பற்களில் காணப்பட்ட பழுப்புக் கறைக்குக் குடிநீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்று 1931இல் தெரிந்தது. அளவோடு இருந்தால் அதே ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது என்பதும் தொடர்ந்து விளங்கியது. 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் உலகில் முதன்முதலாகக் குடிநீரில் அதைச் சேர்த்தது. இந்தியாவில் இந்தக் கதையின் மறுபக்கம் முதலில் தெரிந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் மிகை ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937இல் வெளியிட்டனர். மரக்காணத்தில் முடியும் பக்கிங்காம் கால்வாய் அந்த நெல்லூரின் கரையையும் தொட்டுத்தான் வருகிறது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேடு கடுமையாக இருந்தது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்குத் தீர்வாக அமைந்தது.

உப்பும் இந்த வரலாற்றில் வருகிறது. சுவிட்சர்லாந்து 1955 முதல் சமையல் உப்பில் ஃபுளோரைடு சேர்த்து விற்றது. ஜமைக்கா 1987இல் அதைப் பின்பற்றியது. இந்தியாவில் நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள் பல இருப்பதால், எல்லோரும் உண்ணும் உப்பில் அதைச் சேர்ப்பது ஆபத்து. இங்கே உப்பு ஏந்திவந்த நலம் அயோடின். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது 2006 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு வந்து சேரப் பாதுகாப்பான வழி பற்பசை. ஃபுளோரைடு பற்பசை சொத்தையை ஏறத்தாழ 24 விழுக்காடு குறைக்கிறது என்று 2003இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கணித்தது. பழைய பல்பொடிக்கும் கரிக்கும் உப்புக்கும் இல்லாத ஆற்றல் இது. பல் துலக்கினால் போதும் என்ற பழைய பாடம், ஃபுளோரைடு பற்பசையால் துலக்க வேண்டும் என்று திருத்தப்பட்டது இவ்வாறுதான்.

8. பழக்கம்: கற்பித்தல் முறையில் வந்த மாற்றம்

1990களில் கே, லாக்கர் ஆகியோர் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பல் நல வகுப்புகள் பிள்ளைகளின் அறிவைக் கூட்டுகின்றன. ஃபுளோரைடு இல்லாமல் வெறும் வகுப்பு மட்டும் சொத்தையைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. இதன்பின் உலகின் பல பகுதிகளில் விளக்க வகுப்பின் இடத்தைக் கூட்டாகப் பல் துலக்கும் பழக்கம் பிடித்தது. ஸ்காட்லாந்தில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் ஆசிரியர் கண்முன் துலக்குகிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் கைகழுவுதலோடு சேர்த்துத் தினமும் பள்ளி முற்றத்தில் துலக்கும் முறை பரவியது. வரிசை வரிசையாகக் குழாய்கள் இல்லாத ஏழைப் பள்ளியிலும் அது நடக்கிறது. பழைய தமிழ் வீட்டில் பெரியவரைப் பார்த்துப் பிள்ளை துலக்கியதன் வலிமை, பள்ளி முற்றத்தில் புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கற்பிக்க வேண்டியவை மிகச் சிலவே. பிறந்து ஆறு மாத அளவில் முதல் பல் முளைக்கிறது. அன்றே துலக்கல் தொடங்க வேண்டும். இரண்டரை, மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதும். துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கைத்திறன் போதாது. பெரியவர் ஒருவர் கூடத் துலக்கிவிட வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்கவிடக் கூடாது. இரவு துலக்கிய பின் தண்ணீர் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.

இவற்றோடு ஆறாம் வயதுப் பல்லைப் பற்றிய செய்தியும் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் தெரிய வேண்டும். அந்த வயதில் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் பாற்பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது நிலைப்பல். வாழ்நாள் முழுவதும் மெல்ல உதவ வேண்டிய பல். ஆழமான பள்ளங்களோடு முளைக்கும் அது, துலக்கும் பிள்ளையின் கைக்கு எட்டாத மூலையில் இருப்பதால் விரைவில் சொத்தையாகிறது.

அமிலம் பல்லைக் கரைக்கும் என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கும் காட்டலாம். சத்துணவில் கிடைக்கும் முட்டையின் ஓட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் குமிழிகள் எழும். ஓடு நாளடைவில் மெலிந்து, தொட்டால் நெகிழும். முட்டை ஓடும் பல்லின் எனாமலும் வேதிப்பொருளில் ஒன்றல்ல என்றாலும் இரண்டுமே சுண்ணாம்புச் சத்தாலானவை. எனவே அமிலத்தின் வேலையை விளக்க இது பொருத்தமான செயல். குமிழியைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு மிட்டாய் தின்றபின் பல்லில் நடப்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

9. மரக்காணத்துக்குப் பொருந்தும் முறை

உப்பளக் கரையின் நேரக் கணக்கை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் மூன்று வேளைகள் தெளிவாகின்றன. முதலாவது, அங்கன்வாடி வேளை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே அமைந்த அங்கன்வாடி, அளத்துக்குப் போகும் தாயின் பிள்ளை பகலில் இருக்கும் இடம். அங்கே மதிய உணவுக்குப் பின் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து துலக்குவது, காலையில் வீட்டில் விட்டுப்போனதை ஈடுசெய்யும்.

இரண்டாவது, பள்ளியின் காலை வேளை. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023இல் மாநிலமெங்கும் விரிந்தது. வெறும் டீயோடு பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு உப்புமாவோ பொங்கலோ கிடைப்பது பல்லுக்கும் நல்லது. பசி ஆறிய பிள்ளை இடைவேளையில் மிட்டாய் தேடுவது குறையும். அந்த உணவையடுத்துப் பல் துலக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் உணவும் பல் நலமும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறும்.

மூன்றாவதும் முதன்மையானதும் மாலை வேளை. தாயும் தந்தையும் வீடு திரும்பி, பிள்ளையோடு இருப்பது அப்போதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலே பல்லுக்கு மிகவும் பயனுடையதும்கூட. 2021 அக்டோபர் 27ஆம் நாள் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதே மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுசெய்ய, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் சொல்லிக்கொடுத்தனர். கல்வி பிள்ளையின் தெருவுக்கே, பெற்றோர் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே வரக்கூடும் என்பதை அது நிறுவிக்காட்டியது. அதே தெரு, அதே நேரம், ஊர் அறிந்த அதே தன்னார்வலர் என்ற அமைப்பில் இரவுத் துலக்கலைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழகுவது இயல்பாக நடக்கக்கூடியது. அன்றாடப் பழக்கத்தைத் தெருவிலேயே வாழும் ஒருவர் வளர்த்தெடுக்க முடியும். சிகிச்சைக்கு மட்டுமே மருத்துவர் வர வேண்டியிருக்கும்.

10. முடிவுகள்

இந்த ஆய்வில் தெளியும் முடிவுகள் நான்கு. ஒன்று: தமிழரின் பழைய பல் துலக்கும் மரபு, பார்த்துச் செய்தல் என்ற சிறந்த கற்பித்தல் முறையைக் கொண்டிருந்தது; கரி, உப்பு ஆகிய அதன் பொருள்கள்தாம் சர்க்கரை மலிந்த காலத்துக்குப் போதாமல் போயின. இரண்டு: பள்ளிப் பாடமும் இலவசப் பற்பொடியும் மருத்துவச் சோதனையும் தத்தம் அளவில் உண்மையான முன்னேற்றங்கள், தனித்தனியே நின்றதால் அவற்றின் பயன் முழுமையடையவில்லை. மூன்று: சொத்தை ஐந்து வயதுக்குள்ளேயே பாதிப் பிள்ளைகளைப் பிடித்துவிடுவதால், கல்வி அங்கன்வாடிக்கு முன்னமே தொடங்க வேண்டும், ஃபுளோரைடு பற்பசையே அதன் அடிப்படைக் கருவி. நான்கு: ஒரு பகுதியின் உழைப்பு நேரத்தை அறியாமல் வகுக்கும் பல் நலத் திட்டம் அங்கே வேரூன்றாது. மரக்காணம் உப்பளக் கரையில் காலை நேரம் தாயின் கையில் இல்லை; ஆகவே பகலில் அங்கன்வாடியும் பள்ளியும், இரவில் பெற்றோரும், மழைக்கால ஓய்வில் மருத்துவமும் என்று பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதே அங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும் முறை. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களுக்கும், விடியலில் ஆட்கள் வேலைக்குச் செல்லும் செங்கல் சூளை, மீன்பிடி ஊர்களுக்கும் இதே நோக்கு பொருந்தும்.